கீனர் குடும்பத்துக்கு ஓர் அறிக்கை

இரவு ஷிஃப்ட். காக்ஸ் டவுனில் மூன்றாம் மாடி.
இரண்டு மணிக்குக் கீழ் பேக்கரியிலிருந்து
பன் வேகும் வாசனை படியேறி வரும்.
அப்போது ஒஹாயோவில் மாலை நாலரை.

திருமதி டயேன் கீனர் எழுதியிருந்தார்:
"எங்கள் முதல் மனிதர் யொஹான் பீட்டர்.
பிறந்தது 1724, மார்ச் ஒன்பது.
ஆகஸ்டில் குடும்பம் கூடுகிறது, இருநூறு பேர்.
கல் வைக்கிறோம்.
ஊர்ப் பெயரை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள்."

சரிபார்ப்பதுதான் என் வேலை, பக்கத்துக்கு இத்தனை ரூபாய்.
ஜெர்மன் படித்தது வேறு கனவில்:
கார் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர்.
கார்கள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டன.
எனக்கு மிஞ்சியவர்கள் செத்தவர்கள்.

முதலில் கப்பல் பட்டியல். பிலடெல்பியா, 1749.
குமாஸ்தா ஆங்கிலேயன்.
காதில் விழுந்ததை எழுதினான்.
க்யூனர் என்று வாய் குவித்துச் சொன்னவனைக்
கீனர் என்று பல்லைக் காட்ட வைத்தான்.
பக்கத்தில் பீட்டரின் அடையாளம்:
கையெழுத்து இல்லை, ஒற்றை எழுத்து,
முதுகு வளைந்தது, இனிஷியல் மாதிரி.
கப்பல் கூலிக்காக ஐந்து வருடம்
ஒரு மாவு மில்காரனிடம் விற்கப்பட்டவன்.
(டயேனுக்கு யாரோ சிங்கம் பொறித்த கேடயம் விற்றிருக்கிறார்கள்.)

குமாஸ்தாக்களை எனக்கும் தெரியும்.
மா. பொற்செல்வி என்று போய் நின்றேன்.
"சர்நேம்?"
இல்லை என்றேன்.
"கட்டம் காலியாக இருக்கக் கூடாது."
ஒரு புள்ளிக்கு முன்னால் முப்பது வருடம்
ஒடுங்கி உட்கார்ந்திருந்த அப்பா
எழுந்து என் பெயருக்குப் பின்னால் போனார்.
போகிற வழியில் ஒரு துணைக்கால் உடைந்து
மாசிலாமணி மாசிலமணி ஆனார்.

பிறகு தேவாலயப் பதிவேடு.
பாதிரியின் வாத்திறகு எழுத்தில்
எகரமும் னகரமும் இரட்டைப் பிள்ளைகள்.
பின்பக்கத்து மை முன்பக்கத்தில் எட்டிப் பார்க்கும்.
மார்ச் ஒன்பது, இதோ, யொஹான் பீட்டர்.
தகப்பன் ஊர்ப் பன்றிகளை மேய்ப்பவன்.
பெயருக்கு இடது ஓரத்தில்,
வேறு மையில், பிறகு வந்து போட்டதுபோல்
சின்னதாக ஒரு சிலுவை.

தூசி என்று திரையைத் துடைத்தேன். போகவில்லை.
அடக்கப் புத்தகத்தைத் திறந்தேன்.
அதே பிள்ளை. வயது: பதினொரு நாள்.

இரண்டு வருடம் தள்ளி, நவம்பரில்,
அதே தாய், அதே தகப்பன், அதே பெயர்.
அங்கே அப்படித்தான்.
கிழியாத சட்டையை அடுத்தவனுக்கு மாட்டுவதுபோல.

கப்பலேறியது தம்பி.
கல்லில் ஏறப் போவது அண்ணன்.

எங்கள் வீட்டில் பெயரையும் சேர்த்துப் புதைப்பார்கள்.
ரேஷன் ஆபீஸில் அம்மா பிள்ளைகள் இரண்டு என்பாள்.
டாக்டர் கேட்டால் மூன்று.
கல்பள்ளிக் கல்லறையில் எந்த மூலை,
என்ன பெயர், பெயர் வைத்தார்களா என்றுகூட
நான் கேட்டதில்லை.
கேட்டிருந்தால்
டீயை ஆற்றிக்கொண்டே வேறு ஏதோ சொல்லியிருப்பாள்.

அறிக்கையைப் படித்துவிட்டுச் சதானந்த ராவ் சொன்னார்:
"ஊர்ப் பெயர்தானே கேட்டார்கள்?"
ஊர்ப் பெயர் சரி, என்பதை முதல் வரி ஆக்கினேன்.
சிலுவை இரண்டாவது வரிக்குப் போனது.

நான்கு நாள் பதில் இல்லை.
ஐந்தாம் இரவு, பன் வாசனையோடு வந்தது:

"கல் வெட்டி முடித்துவிட்டார்கள்.
நாற்பது வருடமாக அந்தத் தேதியில் கேக் வெட்டுகிறோம்.
கீழே கொஞ்சம் இடம் இருக்கிறதாம்.
பதினொரு நாள் என்பதை
அவர்கள் மொழியில் எப்படி எழுத வேண்டும்?"

ஏழே எழுத்துகள்.
கல்வெட்டுபவனுக்குக் குழப்பம் வராதபடி
ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பெரிதாக,
டைப் செய்து அனுப்பினேன்.

மொழிபெயர்ப்பு, இரண்டு சொல் என்று
சதானந்த ராவ் பில்லில் சேர்த்தார்.